கரடித் தம்பதியின் விவாகரத்து

ஒரு காட்டில் வேலப்பன் என்ற ஆண் கரடியும் மருதாயி என்ற பெண் கரடியும் ஒரே குகையில் குடித்தனம் நடத்தி, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காமல் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

மருதாயி வாயைத் திறந்தால் வேலப்பன் செல்போனைத் திறப்பான். வேலப்பன் கூப்பிட்டால் மருதாயிக்குக் காது கேட்காது. சண்டைகூட நின்றுபோயிருந்தது.

நீதிபதி ஓர் ஆமை. ஆகையால் வழக்கு அதன் போக்கில் நகர்ந்து, ஒருவழியாக விசாரணை நாள் வந்தது. கிளி டோக்கன் எண்ணைக் கூவியது. இருவரும் உள்ளே போனார்கள்.

வேலப்பனின் வக்கீல் நரி எழுந்தது. "ஐயா, இந்தம்மா செய்யுற கரையான் வறுவலை நாய்கூடத் தின்னாது."

வேலப்பன் துள்ளி எழுந்தான். "யோவ், நீ தின்னு பார்த்தியா? அந்தக் கைப்பக்குவம் இந்தக் காட்டுல எவளுக்கு இருக்கு?"

"நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொல்லுவேன். நீ யாருய்யா சொல்ல?"

மருதாயி தலையைக் குனிந்துகொண்டாள். வறுவல் நன்றாக இருக்கிறது என்று அவள் கேள்விப்படுவது அதுவே முதல் தடவை.

அவளுடைய வக்கீல் கழுதைப்புலி விட்டுக்கொடுக்கவில்லை. "இந்த ஆள் ஒரு மண்ணாந்தை, ஐயா. தேனீகூட இவரை மதிக்கிறதில்ல."

"ஏய்! யாரைப் பார்த்து மண்ணாந்தைங்கற?" என்று மருதாயி பாய்ந்தாள். "எங்க மாமா மாதிரி மரம் ஏற உன் பரம்பரையில ஆள் உண்டா?"

மாமா! அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! வேலப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

ஆமை மெல்லக் கழுத்தை நீட்டியது. "ரொம்ப சந்தோஷம். வழக்கைத் தள்ளுபடி பண்ணிடலாமா? சேர்ந்து வீட்டுக்குப் போறீங்களா?"

"ஐயையோ, வேண்டாங்க!" என்றாள் மருதாயி. "வீட்டுக்குப் போனா இவர் மறுபடியும் புருஷன் ஆயிருவார்."

"ஆமாங்க," என்றான் வேலப்பன். "இவளும் பெண்டாட்டி ஆயிருவா. தயவு பண்ணி விவாகரத்து குடுத்துருங்க."

கொடுத்தார்கள்.

மறுநாள் சாயங்காலமே வேலப்பன் ரோமத்தைப் படிய வாரிக்கொண்டு, தேனடையோடு மருதாயியின் குகை வாசலில் வந்து நின்று இருமினான். "உள்ளே வரலாமுங்களா?"

"யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று வெட்கப்பட்டுக்கொண்டே அவள் வழி விட்டாள்.

சேதி காடெங்கும் பரவியது. அடுத்த வாரம் புதுசாகக் கல்யாணமான ஒரு மான் ஜோடி நீதிமன்ற வரிசையில் வந்து நின்றது.

"உங்களுக்குள்ள என்ன பிரச்சினை?" என்று கேட்டது ஆமை.

"ஒண்ணுமில்லீங்க. உசுருக்கு உசுரா இருக்கோம்," என்றது பெண் மான். "அது கெட்டுப்போறதுக்குள்ள பிரிச்சு விட்டுருங்க."

நீதி: மனமொத்த தம்பதிகள் காலம் தாழ்த்தாமல் விவாகரத்து செய்துகொள்ள வேண்டும். மனம் ஒவ்வாதவர்கள் தாராளமாகச் சேர்ந்து வாழலாம். கெட்டுப்போக அவர்களிடம் ஒன்றுமில்லை.