ஸ்வெட்டர் போட்ட வக்கீலம்மா

நேற்று எனக்கு ஒரே ஒரு வேலைதான். சேலம் போய் ஒரு வக்கீலைப் பார்த்து, ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

கேள்வி என்னுடையதல்ல. பக்கத்து வீட்டுப் பூங்கொடியுடையது. எங்கள் மலைக்கிராமமான மாரமங்கலத்தில் யாருக்குப் பட்டா சிக்கல் என்றாலும், யாருக்கு உதவித்தொகை நின்றுபோனாலும், ஆபீஸ் ஆபீஸாகக் கூடப் போய்வருகிறவள் அவள்தான். கூலி, ஒரு டீ.

நாற்பது வயதில் அவளுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. வக்கீல்களுக்குச் சட்ட உதவியாளராகப் பயிற்சி தரும் டிப்ளமோ ஒன்று, சேலத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் இருக்கிறது. சனி, ஞாயிறு வகுப்பு. ஃபீஸுக்கு இந்த வருடத்து மிளகு முழுவதும் போய்விடும். பஸ் செலவு காப்பிக்கொட்டைக் காசிலும் கைவைக்கும்.

அவள் கணவர் பழனிசாமியோ அந்த மிளகை நம்பிப் புதுக்கூரை போட நினைத்திருந்தார். மழை வந்தால் அவர்கள் வீட்டுக்குள் மூன்று இடத்தில் ஒழுகுகிற தண்ணீருக்குக் குண்டா வைக்கிறார்கள்.

"வேலை கெடைக்கும்னு காலேஜ்காரங்க சொல்லத்தானுங்க செய்வாங்க? கத்திரிக்கா விக்கறவன் சொத்தைன்னா சொல்லுவான்?" என்றார் என்னிடம். "நீங்க பி.ஏ. படிச்சவங்க. இவகூடப் போயி, வேலை குடுக்கற வக்கீலையே கேட்டுட்டு வாங்க. ஆகும்னா காசைக் கட்டட்டும். ஆகாதுன்னா கூரை!"

காசு கட்ட நேற்றுதான் கடைசி நாள்.

நான் படித்தது தமிழ் இலக்கியம். பிரிவில் தலைவி எப்படி மெலிவாள் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால் ஊருக்குப் பி.ஏ. என்றால் பி.ஏ.தான்.

விடிகாலைப் பனியில் எதிர்மரம் தெரியவில்லை. இந்த இடத்தில் மலைப் பெண்களின் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்வெட்டர் போடுகிற நாளில், உள்ளே என்ன ஜாக்கெட் என்று நாங்கள் பார்ப்பதில்லை. யார் பார்க்கப் போகிறார்கள்?

வெள்ளைக் கைத்தறிப் புடவை கட்டினேன். கைக்கு அகப்பட்ட கிளிப்பச்சை ஜாக்கெட்டை மாட்டினேன். அதன் வலது கை தோளிலிருந்து கிழிந்திருந்தது. வரிசையாக ஊக்கு குத்தினேன். மேலே என் வீட்டுக்காரரின் கறுப்பு ஸ்வெட்டர். அவர் போனபின் இந்த மலையில் குளிர் கொஞ்சம் கூடித்தான் விட்டது.

பஸ் இறங்க இறங்க வெயில் ஏறியது. அடிவாரத்துக் குப்பனூரில் வியர்த்தது. சேலத்தில் ஊற்றியது.

"ஸ்வெட்டரக் கழட்டுங்கம்மா, வெந்து போயிருவீங்க!"

"முடியாது கண்ணு."

"ஏனுங்க?"

காதில் சொன்னேன். பூங்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

கோர்ட் வாசலில் ஆரம்பித்தது வினை. வெள்ளைப் புடவை, கறுப்பு மேலுடுப்பு, கண்ணாடி, நரைத்த தலை. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்!

"நல்லா இருப்பா" என்றேன். அதுதான் தப்பு. சல்யூட்டை வாங்கிக்கொண்டவள் ஆகிவிட்டேன்.

டீக்கடையில் நாற்காலி துடைத்துப் போட்டார்கள். உட்காருவதற்குள் ஒரு பெரியவர் கைகூப்பி நின்றார்.

"வக்கீலம்மா, பங்காளி வேலிய நவுத்திப் போட்டானுங்க. நீங்கதான் பாக்கோணும்."

"நான் வக்கீல் இல்லைங்க."

"ஃபீஸ் குடுத்தர்றனுங்க!"

"ஐயோ, நெசமாலுமே இல்லைங்க!"

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "நொம்பப் பெரிய வக்கீலாட்ட இருக்குது. சின்னக் கேசெல்லாம் எடுக்க மாட்டாங்க."

அதற்குள் ஓர் இளம் வக்கீல் ஓடி வந்தார். "வெயில்ல ஏன் மேடம் உக்காந்திருக்கீங்க? எங்க சீனியர் ரூமுக்கு வாங்க."

சீனியர் எழுந்து நின்று வரவேற்றார். "எங்கேருந்து வர்றீங்க மேடம்?"

"மலையிலேருந்து."

"ஓ, மேலயே பிராக்டீஸ் பண்றீங்களா? நல்லது. போட்டி இல்லை!"

வாயைத் திறந்தேன். கையில் காப்பி வந்துவிட்டது. உண்மை சொல்லத் தெம்பு வேண்டும். என் தெம்பெல்லாம் ஸ்வெட்டருக்குள் உருகிக்கொண்டிருந்தது. நேராகக் கேள்விக்கே போனேன்.

"சட்ட உதவியாளர் டிப்ளமோன்னு ஒண்ணு இருக்காமே. அதைப் படிச்சவங்களுக்கு வேலை இருக்குதுங்களா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆள் தேடறீங்களா? நமக்குள்ள சொல்றேன். வேணவே வேணாம் மேடம்!"

பூங்கொடியின் முகம் விழுந்தது. என் கண்ணில் புதுக்கூரை தெரிந்தது.

"நானே ஒரு பொண்ணை வெச்சிருந்தேன். மனு, நோட்டீஸ், கேஸ் கட்டு, அத்தனையும் சுத்தம். என்ன பிரயோசனம்? வருஷம் திரும்பறதுக்குள்ள சம்பளம் ஏத்துங்கன்னு நின்னுச்சு. ஏத்தினேன். மறுபடியும் நின்னுச்சு. கடைசியில எதிர் ரூம்காரர் கூடக் குடுத்துத் தூக்கிட்டாரு! நீங்க படிக்காத பிள்ளையாப் பார்த்து வைங்க. குடுத்ததை வாங்கிக்கும். எங்கயும் போகாது. எங்க போகும்?"

பூங்கொடி மெல்ல நிமிர்ந்தாள். "அந்தப் புள்ள இப்ப நல்ல சம்பளம் வாங்குதுங்களா சார்?"

"எங்க ஜூனியரை விட ஜாஸ்தி!"

ஜூனியர் தரையைப் பார்த்தார்.

அந்த நிமிஷத்தில்தான் மின்சாரம் போனது. ஃபேன் நின்றது. அறை ஒரு சுற்று சுற்றியது. நாற்காலியில் சரிந்தேன்.

"மேடத்துக்கு மயக்கம்! ஸ்வெட்டரைக் கழட்டுங்க!"

"கழட்டாதீங்க, கழட்டாதீங்க!" என்று பூங்கொடி கத்தியது காதில் விழுந்தது. மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த டைப்பிஸ்ட் அம்மா கேட்கவில்லை. பட்டன் பட்டனாக விடுவித்து உருவிவிட்டார்.

கிளிப்பச்சை. வரிசையாக ஊக்குகள். ஜன்னல் வெயிலில் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது.

சீனியர் என்னைப் பார்த்தார். ஊக்கைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க...?"

"தமிழ் பி.ஏ." என்றேன், பலவீனமாக.

"அப்ப அந்த டிப்ளமோ?"

"அது நானுங்க சார்" என்றாள் பூங்கொடி. "இன்னும் படிக்கலைங்க. இப்பத்தான் போய்க் காசு கட்டோணும். வரட்டுங்களா?"

என்னையும் ஸ்வெட்டரையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள். போலீஸ்காரர் இந்த முறை சல்யூட் அடிக்கவில்லை. கல்லூரி ஆபீஸ் மூடுவதற்குள் காசைக் கட்டிவிட்டாள். வாசல் பெஞ்சில், மறுபடி ஸ்வெட்டருக்குள் புகுந்து, நான் வெந்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் பஸ் நின்றபோது பழனிசாமி காத்திருந்தார். மலையில் மேகம் இறங்கியிருந்தது.

"வக்கீலு என்னங்கம்மா சொன்னாரு?"

"படிச்சவங்களைக் கண்டாலே நொம்பப் பயப்படறாருப்பா. சம்பளம் கூடக் கேக்கறாங்களாம். ஆபீஸ் மாறிப் போயிடறாங்களாம்."

அவர் பூங்கொடியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த ரசீதைப் பார்த்தார். கடைசியாக வானத்தைப் பார்த்தார்.

"சரி, நாலாவதா ஒரு குண்டா வாங்கிப் போட்ருவோம்."