இடது மூலையில் ஒரு பருந்து

"ஐயா, தாங்கள் விற்ற கேமராவுக்குள் தூசு இருக்கிறது. எங்கள் மலையில் தூசு கிடையாது. ஆகவே இது தங்கள் ஊர்த் தூசு. வந்து எடுத்துக்கொண்டு போகவும்."

28.8.2006 தேதியிட்ட இந்தக் கடிதத்தின் ஜெராக்ஸ் பிரதி என்னிடம் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது, வாசகம் கொடைக்கானல் ஏரிக்கரைப் போட்டோகிராபர் ஒருவருடையது. சென்னையில் இருந்த ஒரு கேமரா சர்வீஸ் நிலையத்துக்குப் போன கடிதம். கடைசி வரியையாவது 'ஆவன செய்யவும்' என்று மாற்றிவிடலாமா என்று கேட்டேன். "எதுக்கு சார் மாத்தணும்? அவங்க பொருளு. அவங்கதான வந்து எடுக்கணும்" என்றார்.

ஒரு தூசிக்காக ஓர் ஊருக்கு வந்த புது மாப்பிள்ளைகள் அத்தனை பேரையும் இடம் மாற்றி நிற்கவைத்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். நம்பாதவர்கள் 2006 மே மாதம் முதல் செப்டம்பர் வரை கொடைக்கானலுக்குத் தேனிலவு வந்த யாருடைய ஆல்பத்தையாவது வாங்கிப் பார்க்கலாம். ஏரி இருக்கும், படகு இருக்கும், பெண் நடுவில் சிரித்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளையின் தலை மட்டும் இடது மேல் மூலையில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல இருக்கும்.

ஏரிக்கரையில் அவருக்குப் பெயரே 'நகருங்க' என்றாகிவிட்டது. வாக்காளர் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருந்தது. குதிரைக்காரர்கள் முதல் சோளக்கதிர் விற்பவர்கள் வரை யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. நாற்பத்தெட்டு வயது, ஒல்லியான உடம்பு, கழுத்துவரை இறங்கும் சிவப்பு மங்கி குல்லா. குல்லா அவர் மனைவி பின்னியது. வெயிலோ மழையோ அது தலையை விட்டு இறங்காது. சிறுவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு வந்து சேர்ந்தவர். கல்லூரிக் கூட்டங்களைப் படம் எடுக்கும்போது, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்க வரிசை நிறுத்துவார்களே, அந்தப் பெரட்டு முறையில்தான் நிறுத்துவார். பெரிய தலை யாருக்கோ அவர் இடது ஓரம்.

நான் அப்போது கொடைக்கானலில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அட்டுவம்பட்டியில் அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தேன். தினமும் டைரி எழுதுவேன். மழை, மூடுபனி, பால்காரர் வந்த நேரம் எல்லாம் அதில் உண்டு. ஆகவே இந்த விஷயத்தில் என்னைவிட நம்பகமான சாட்சி கிடையாது என்பதைத் தாழ்மையில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வருடம் ஜனவரியில் பழைய பிலிம் கேமராக்களை விற்றுவிட்டு, லென்ஸ் கழற்றி மாட்டுகிற டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கினார். நான்கு மாதம் ராஜ வாழ்க்கை. மே மாதம் வானம் பளிச்சென்று வெளுத்த ஒரு நாளில் எடுத்த படத்தில், இடது மேல் மூலையில், குட்டிக் கம்பளிப்பூச்சி போல ஒரு நிழல் தெரிந்தது. அடுத்த படத்தில் பார்த்தார், அதே இடம். அதற்கடுத்த படத்திலும் அதே இடம்.

நான் நாலு பத்திரிகைகளைப் புரட்டி விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னேன். பழைய கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் புதுப் பிலிம் நகர்ந்து வரும். தூசு விழுந்தால் ஒரு படத்தோடு போய்விடும். இதில் பிலிம் இருந்த இடத்தில் சென்சார் என்று ஒரு சின்னச் சில்லு. அது எங்கும் நகராது. லென்ஸ் மாற்றும்போது அதன்மேல் ஒரு தூசு விழுந்தால், நாமாக எடுக்கும்வரை எல்லாப் படத்திலும் குடியிருக்கும். பனி மூடிய நாளில் தெரியாது. தெளிந்த வானத்தில் தெரியும்.

"அப்ப வானம் தெரியாம எடுத்துட்டாப் போச்சு" என்றார். அந்த நிமிடம் பிறந்ததுதான் மாப்பிள்ளைத் தலை உத்தி. கறுப்பு முடிக்குப் பின்னால் கம்பளிப்பூச்சி ஒளிந்துகொள்ளும்.

உயரம் குறைந்த மாப்பிள்ளைகளுக்காக ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார். திருச்சியிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளைக்கு முழு வழுக்கை. வெயிலில் அந்தத் தலை வானத்தைவிடப் பளபளத்தது. நகருங்க கொஞ்சமும் அசரவில்லை. பக்கத்தில் நின்ற குதிரையைப் பிடித்து இழுத்து, அதன் தலையை மூலையில் நிறுத்தினார். ஆல்பத்தைப் பார்த்த மாப்பிள்ளை ஏரிக்கரைக்கே வந்து சண்டை பிடித்தார்.

"ஏங்க, எல்லாப் படத்துலயும் எனக்கும் என் ஒய்ஃபுக்கும் நடுவுல குதிரை நிக்குது."

"நடுவுல இல்லங்க, ஓரமா நிக்குது. நீங்கதான் அதுக்குப் பின்னாடி போயிட்டீங்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டதால் அன்று கைகலப்பு தவிர்க்கப்பட்டது.

கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர், அந்தப் புள்ளியை மவுசால் ரெண்டு நொடியில் அழித்துத் தருவதாகச் சொன்னார். நகருங்க அதை ஏற்கவில்லை. பக்கத்து வானத்தைக் கிள்ளி இங்கே ஒட்டுவது போர்ஜரி என்றார். மாப்பிள்ளையை நகர்த்துவது போர்ஜரி இல்லையா என்று நான் கேட்டதற்கு, மாப்பிள்ளை தானாகத்தானே நகர்கிறார் என்று பதில் வந்தது. இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பார். ஆனால் அந்த வருடம் குறிஞ்சி பூத்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கிற பூ. முந்தைய முறை, 1994இல், பூண்டி போகிற வழியில் ஒரு சரிவு முழுக்க நீலமாகக் கிடந்ததை அவர் பிலிமில் எடுத்திருந்தார். அவ்வளவு நல்ல படம் தன் வாழ்க்கையில் எடுத்ததில்லை என்பார். ரோலைக் கழுவுவதற்கு மலைக்குக் கீழே அனுப்பினார். திரும்பி வந்தபோது எல்லாப் படத்திலும் மேலிருந்து கீழாக ஒரே கீறல். மன்னிப்புக் கேட்டு ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார்கள். அந்தச் சீட்டைப் பன்னிரண்டு வருடம் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

இப்போது மறுபடியும் அதே சரிவு, அதே நீலம். மேலே பாதிப் படத்துக்கு வெறும் வானம். அங்கே கொண்டுபோய் நிறுத்த மாப்பிள்ளையும் கிடையாது, குதிரையும் கிடையாது. அதனால்தான் அந்தக் கடிதம். பதில் செப்டம்பர் முதல் வாரத்தில் வந்தது. கேமராவை அனுப்பி வைக்கவும், மூன்று வாரம் ஆகும் என்றிருந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். எதிர்முனைப் பெண், நீங்களாகக் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"போகட்டும்மா" என்றார் நகருங்க. "வாரண்டி வேற கேமரா வாங்குனாத் தருவீங்க. பூவு போச்சுன்னா பன்னெண்டு வருசம். அப்ப எனக்குக் கண்ணு தெரியுமான்னு நீங்க வாரண்டி குடுப்பீங்களா?"

போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "தூசு வந்த ஊருக்கே கேமராவ அனுப்பணுமாம் சார், தூசு எடுக்க. ஒருவாட்டி கீழ அனுப்பிக் கோடு வாங்குனது போதும். நாமளே எடுத்துருவோம்."

நாமளே என்றால் நானும்தான். காற்று ஊதுவதற்கு, குழந்தைகளுக்குக் காது கழுவுகிற ரப்பர் பல்பு வாங்க மருந்துக்கடைக்குப் போனோம். கடைக்காரர் குழந்தைக்கு எத்தனை வயது என்று கேட்டார். எட்டு மாதம் என்று நகருங்க ஜனவரியிலிருந்து சரியாகக் கணக்குப் போட்டுச் சொன்னார். எட்டு மாதக் குழந்தைக்குக் காதில் பீச்சக் கூடாது என்று கடைக்காரர் பதறினார். காதில் இல்லை, கண்ணில் என்றார் இவர். என் அரசாங்க அடையாள அட்டையைக் காட்டி நிலைமையை விளக்கிய பிறகுதான் பல்பு கைக்கு வந்தது.

23.9.2006, சனிக்கிழமை. அலுவலகம் விடுமுறை. இடம், என் வீட்டுக் குளியலறை. சுடுதண்ணீரைக் கொட்டி நீராவி பரவவிட்டால் காற்றில் மிதக்கும் தூசெல்லாம் தரையில் படிந்துவிடும் என்று படித்திருந்தேன். இரண்டு அண்டா வெந்நீர் ஊற்றினோம். ஆவி முழுக்க அடங்கிச் சுவர் ஆறும்வரை கேமரா உள்ளே வரவில்லை. உடுப்பிலிருந்தும் பஞ்சு பறக்கும் என்று சொன்னேன். ஸ்வெட்டரைக் கழற்றினார். சட்டையைக் கழற்றினார். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, குல்லாவையும் கழற்றினார்.

நாலு வருடப் பழக்கத்தில் அன்றுதான் அவர் தலையைப் பார்த்தேன். திருச்சி மாப்பிள்ளைக்குச் சற்றும் குறையாத தலை.

கொடைக்கானல் குளிரில் வெறும் கைலியோடு நடுங்கிக்கொண்டு, கேமராவைத் தலைகுப்புறப் பிடித்தார். கீழே நான் ஒரு வெள்ளைத் தாளை ஏந்தினேன். முதல் ஊதல். வெளியே போய் வானத்தைப் படம் எடுத்துப் பார்த்தோம், கம்பளிப்பூச்சி இருந்தது. இரண்டாவது ஊதல், இருந்தது. மூன்றாவதற்கும் இருந்தது.

"ஏலே, வாடகை குடுக்காமக் குடியிருந்தது போதும். வெரசா எறங்கு" என்று கேமராவுக்குள் பார்த்துச் சொன்னார். நாலாவது முறை பல்பை இரண்டு கையாலும் அமுக்கினார்.

தாளில் ஏதோ விழுந்தது. தபால்தலை பார்க்கிற என் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தேன். தூசு இல்லை. ஒரு நூல் இழை. சிவப்புக் கம்பளி இழை.

நான் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கிய குல்லாவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். லென்ஸ் மாற்றும்போது கண்ணைக் கேமராவுக்குள்ளேயே விட்டுவிடுவதுபோல அவர் குனிவது எனக்கு ஞாபகம் வந்தது.

"அண்ணே, இது நம்ம ஊர்த் தூசு போலத் தெரியுதே" என்றேன்.

"கம்பளி எங்க இருந்து வந்துச்சு? லூதியானா. அதுவும் கீழதான?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்ல சொல்லிராதீங்க சார். அவ பின்னுனது. கேட்டா மனசு கஷ்டப்படும்."

சர்வீஸ் நிலையத்துக்கு ஒரு திருத்தக் கடிதம் எழுதிவிடலாம் என்று சொன்னேன். தாராளமாக எழுதுங்கள் என்று அங்கேயே நின்று சொல்லச் சொல்ல எழுதவைத்தார். "ஐயா, தங்கள் தூசு எங்களால் வெளியே எடுக்கப்பட்டுவிட்டது. தேவைப்பட்டால் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்." இதற்கும் என்னிடம் ஜெராக்ஸ் இருக்கிறது. இழை என் டைரியில், அந்தத் தேதிப் பக்கத்தில், செலோடேப்புக்கு அடியில் இருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே ஜீப்பில் பூண்டிப் பக்கம் போனோம். பாதி வழியில் ஜீப்பை நிறுத்தி, குல்லாவைக் கழற்றி என் தலையில் மாட்டினார். "இதப் போட்டுக்கிட்டுப் பத்தடி தள்ளியே இருங்க சார். பக்கத்துல வந்துறாதீங்க." சரிவுக்கு எதிரே போய் நின்றபோது எங்கும் மூடுபனி. நாலு மணி நேரம் நின்றோம். மொட்டைத் தலையோடு, காற்றில் கண்ணீர் வழிய, கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஜீப்பில் போய் உட்காரச் சொன்னேன். "பன்னெண்டு வருசம் நின்னாச்சு. இந்தப் பனி எவ்வளவு நேரம் நிக்கும், பாப்போம்" என்றார்.

பதினொன்று இருபதுக்குப் பனி பிரிந்தது. சரிவு முழுக்க நீலம், மேலே வானம். அவர் ஒரே ஒரு படம் எடுத்தார். பிலிம் காலத்துக் கைக்கு ஒன்று போதும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், அப்பிடியே நில்லுங்க. உங்களையும் ஒண்ணு எடுத்துருவோம். கொஞ்சம் இடது பக்கம் நகருங்க."

நகர்ந்தேன். எடுத்தார். பனி மறுபடி மூடிக்கொண்டது.

படத்தை அச்சிட மதுரைக்கு அவரே கேமராவோடு போய், இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, கையோடு வாங்கி வந்தார். மன்னிப்புச் சீட்டு இருந்த ஆணியில் அதை மாட்டினார். நீலச் சரிவு கண்ணை விட்டு அகலவில்லை. வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. இடது மேல் மூலையில் மட்டும் மிகச் சின்னதாக, கறுப்பாக, ஏதோ ஒன்று.

"அண்ணே..." என்றேன்.

"பருந்து" என்றார்.

"அன்னைக்குப் பருந்து எதையும் பாத்த ஞாபகம் இல்லையேண்ணே."

"நீங்க பூவப் பாத்துக்கிட்டு நின்னீங்க. காத வேற குல்லா மூடிக்கெடந்துச்சு. அது கத்துனது ஒங்களுக்கு எப்பிடிக் கேக்கும்?"

சரிபார்க்க ஒரு வழி இருந்தது. தூசாக இருந்தால் இரண்டாவது படத்திலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். பூதக்கண்ணாடியும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு அந்தப் படத்தை அளந்தேன். சரியாக அந்த இடத்தில், சிவப்பு மங்கி குல்லாவோடு, என் தலை இருந்தது. பிறகு எடுத்த படங்களைப் பார்க்கலாமென்றால், பழக்கதோஷம் என்று சொல்லி மாப்பிள்ளைகளை அவர் இடது பக்கம் நகர்த்துவதை விடவேயில்லை.

2009இல் எனக்கு மாற்றலாகி மலையிறங்கியபோது இரண்டு படங்களுக்கும் பிரதி தந்தார். பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுத் தூசா என்று கேட்கிறார்கள். படித்தவர்கள் கொஞ்சம் நம்பிக்கையோடு கேட்கிறார்கள். நான் டைரியை எடுத்துக் காட்டுகிறேன்.

"24.9.2006. ஞாயிறு. காலை 11.20. குறிஞ்சி. பருந்து ஒன்று. சரிபார்க்கப்படவில்லை."

நாற்பது வருட டைரியில் நான் கண்ணால் பார்க்காமல் எழுதியது அந்த ஒரு வரிதான். அதை அடிக்கப் போவதில்லை.