படிப்பகம்: நடந்தால் 25 நிமிடம்

அருப்புக்கோட்டையின் வடகோடியில் ஒரு புது நகர். இருநூறு வீடு. எந்தத் தெரு எங்கே போகிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்கே நிச்சயமில்லை. ரேஷன் கடைக்கு வழி கேட்டவர் சுடுகாட்டில் பையோடு போய் நின்றதெல்லாம் உண்டு. ஆகவே குடியிருப்போர் சங்கம் கூடி, நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் வழிகாட்டிப் பலகைகள் வைப்பதென்று தீர்மானம் போட்டது. வெறும் அம்புக்குறி போதாது. நடந்தால் எத்தனை நிமிடம், சைக்கிளில் எத்தனை நிமிடம் என்றும் எழுதவேண்டும். பொறுப்பு, செயலாளர் அருஞ்சுனையிடம் வந்தது.

அருஞ்சுனைக்கு ஐம்பத்தாறு வயது. பாத்திரக்கடையை மகனிடம் விட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த மனுஷன். அன்று வீட்டுக்குள் நுழையும்போதே மார்பு இரண்டு அங்குலம் கூடியிருந்தது.

“கோகிலா, இனிமே இந்த நகருக்கே நாந்தான் வழி காட்டப்போறேன்.”

கோகிலாம்பாள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. “காட்டுங்க, காட்டுங்க. நாலு பேருக்கு முன்னால வழியாம இருந்தாச் சரித்தான்.”

இரண்டு நாள், கையில் நோட்டும் கடிகாரமுமாக அலைந்தார். நகரின் நுழைவு வளைவிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தால் ஒன்பது நிமிடம், சைக்கிளில் மூன்று. ரேஷன் கடைக்கு ஐந்து, இரண்டு. எல்லாம் சுத்தமான கணக்கு. அடுத்தது படிப்பகம். அங்கே வந்ததும் பேனா நின்றுவிட்டது.

காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டர், “சுகர் ஏறியிருக்கு, தினமும் நடங்க” என்றார். அன்றிலிருந்து அருஞ்சுனை சாயங்காலம் ஐந்தரைக்குப் படிப்பகம் கிளம்புவார். ஏழு மணிக்குத் திரும்புவார். “போக இருபத்தஞ்சு நிமிஷம், வர இருபத்தஞ்சு நிமிஷம், பேப்பர் பாக்க நாப்பது” என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அவள் கடை கண்ணிக்குப் போவதெல்லாம் வேறு திசை. ஆகவே வசதியாகப் போயிற்று.

உண்மையில் படிப்பகம் ஏழு நிமிட நடை. மிச்ச நேரமெல்லாம் அதற்குப் பக்கத்தில் இருக்கிற இன்பராஜின் சைக்கிள் கடையில், கேரம் போர்டில் கழிந்தது. பேப்பரை அவர் தொட்டே பல மாதம் ஆகிறது.

ஏழு என்று எழுதினால் வீட்டில் கேள்வி வரும். எழுதாமல் விடவும் முடியாது. சங்கம் முதலில் கேட்டதே படிப்பகத்துக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்: நடந்தால் 25. சைக்கிளில் 10.

நோட்டைக் கோகிலாம்பாள் புரட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, படிப்பகம் அம்புட்டுத் தூரமா?”

“நாந்தான் தெனம் போறேனே, எனக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன. வேணும்னா நாளைக்கு நானும் ஒரு நடை நடந்து பாக்கட்டுமா?”

“அதெல்லாம் பெயிண்டருக்குக் குடுத்தாச்சு!”

நோட்டு அவள் கையில்தான் இருந்தது. இருந்தாலும் அவள், “சரிங்க” என்றாள். அந்தச் ‘சரிங்க’ அருஞ்சுனைக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

பலகைகள் வந்தன. நீல நிறம், வெள்ளை எழுத்து. அருஞ்சுனைக்குச் சால்வையெல்லாம் போட்டார்கள். நான்காம் நாள் அவசரக் கூட்டம் என்று ஆள் வந்தது. கோகிலாம்பாளும் சேலை மாற்றிக்கொண்டு கூடவே வந்தாள். “நீ எதுக்கு?” என்று கேட்டதற்கு, “நானும் சந்தா கட்டுறேன்ல?” என்றாள்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் ஐயாத்துரை. மகள் வீட்டோடு இருக்க நரிக்குடியிலிருந்து புதிதாக வந்தவர்.

“ஐயா, பலகையில இருபத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கீக. ஏழாவது நிமிஷத்துல ஒரு கட்டடம் வந்துச்சு. இதா இருக்காதுன்னு தாண்டிப் போயிட்டேன். இருபத்தஞ்சாவது நிமிஷம் கருவேலங்காட்டுக்குள்ள நிக்கேன். ஆடு மேய்க்கிற அம்மாகிட்ட ‘தாயி, படிப்பகம் எங்க?’ன்னு கேட்டேன். ஆட்டையெல்லாம் ஒரு பார்வை பாத்துட்டு, ‘இதுகளுக்கு அதெல்லாம் வேணாம் சாமி’ன்னுருச்சு.”

கூட்டம் சிரித்தது. அருஞ்சுனை சிரிக்கவில்லை. அடுத்து, பத்தாம் வகுப்புப் படிக்கும் பிருந்தா. பலகையை நம்பிப் பத்து நிமிடம் சைக்கிள் மிதித்துத் திருச்சுழி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போய் நின்றிருக்கிறாள்.

“செயலாளர் பதில் சொல்லணும்” என்றார் தலைவர்.

அருஞ்சுனை எழுந்தார். பலகை தப்பு என்று சொன்னால் பக்கத்தில் மனைவி. சரி என்று சொன்னால் எதிரே ஐயாத்துரை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி வேர்த்தது.

அப்போது கோகிலாம்பாள் எழுந்தாள்.

“தலைவரே, இவுக போட்டதுல தப்பில்ல. நேர் ரோட்டுல போனா ஏழு நிமிஷந்தான். ஆனா இவுக அப்பிடிப் போறதில்ல. மேற்கால திரும்பிக் கண்மாய்க்கரையச் சுத்தி வருவாக. அதுக்குச் சரியா இருபத்தஞ்சு நிமிஷம். சுகருக்காக மூணு வருஷமா தெனம் அப்பிடித்தான் நடக்காக. என்னங்க?”

அருஞ்சுனைக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டின மனைவி காப்பாற்றிவிட்டாள்!

“ஆமா, ஆமா! கண்மாய்க்கரைதான். காத்து அம்புட்டு நல்லா இருக்கும்.”

“அதச் சொல்லக் கூச்சப்படுறாக” என்றாள் அவள்.

கைதட்டல் எழுந்தது. “எனக்கும் சுகர்தான்” என்றார் ஐயாத்துரை. “எனக்கும், எனக்கும்” என்று பத்துக் குரல். அஞ்சே நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. நேர் வழிக்கு ஏழு நிமிடம் என்று ஒரு பலகை. கண்மாய்க்கரை வழிக்கு ‘ஆரோக்கிய நடைபாதை’ என்று இன்னொரு பலகை. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குச் செயலாளர் தலைமையில் கூட்டு நடை. போக இருபத்தைந்து, வர இருபத்தைந்து. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று குறித்துக்கொள்ளும் பொறுப்பு, திருமதி கோகிலாம்பாளுக்கு.

அருஞ்சுனை கைதட்டியபடியே இதைக் கேட்டார். கை பாதியில் நின்றது.

ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் நாள் எல்லோரோடும் புறப்படுவது. கண்மாய் மடை வந்ததும் செருப்பில் முள் என்று பின்தங்குவது. அப்படியே குறுக்கே விழுந்து இன்பராஜ் கடைக்குப் போய்விடுவது. பழைய ஒன்றேகால் மணி நேரம் இல்லாவிட்டாலும் அரை மணி நேரமாவது கிடைக்கும்.

மறுநாள் ஐந்தரைக்கு வாசற்கதவைத் திறந்தார். வெளியே பதினாறு பேர். ஐயாத்துரை தலையில் குல்லா. வரிசைக்கு முன்னால், புது கேன்வாஸ் ஷூவோடு, இன்பராஜ்.

“ஏலே, நீ எங்கலே இங்க? கடை?”

“பூட்டிட்டேண்ணே. மதினி நேத்தே கடைக்கு வந்து சொல்லிட்டாக, ‘இனி சாயங்காலம் ஒன் கேரம் போர்டுக்கு வேலை இருக்காது’ன்னு.”