கரிச்சட்டியின் ரோஜாக் குச்சிகள்

ஓசூரில் நான் பார்த்த முட்டாள்களிலேயே அதிகம் படித்தவர் கரிச்சட்டி. படிக்காத முட்டாளுக்கு ஓர் எல்லை உண்டு, பசித்தால் நிறுத்திவிடுவான். இவருக்கு அதுவும் கிடையாது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுவது என்று சுற்றிவிட்டு ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வந்து விழுந்தேன். பல்சக்கரங்களைக் கரித்தூளோடு இரும்புப் பெட்டியில் அடைத்து, மூடியைக் களிமண்ணால் பூசி, உலையில் பழுக்கவிட்டு, எடுத்து எண்ணெயில் முக்குவோம். முக்கும்போது எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் சக்கரம் கெட்டுப்போகும். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் எதைப் பார்த்தாலும் மனசுக்குள் எண்ணுவேன்.

கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத வருஷங்கள் அவை. ஏதோ கம்பெனி ஆய்வகத்தில் வேலை போய் வந்திருந்த கரிச்சட்டி, செடிக் குப்பையில் மின்சாரத்தைச் சேமிக்கப் போவதாகச் சொல்லிப் பட்டறையின் ஒரு மூலையைக் கேட்டு வாங்கினார். மத்திகிரியில் என் அறையிலும் பாதியைப் பிடித்துக்கொண்டார். வயது ஐம்பது. சட்டை எப்போதும் கருப்பு. துணி வெள்ளைதான். பட்டறையில் கரிச்சட்டி என்று பெயர் வைத்தது அதனால்தான்.

வாரம் ஒருமுறை பாகலூர் போய், ரோஜாத் தோட்டங்களில் வெட்டிப் போட்ட குச்சிகளை மூட்டை கட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றுவார்.

"சார், மூட்டைக்கு லக்கேஜ் போடணும்" என்பார் கண்டக்டர்.

"இது மூட்டை இல்லப்பா. நாளைக்கு பேட்டரி ஆகப்போவுது."

"பேட்டரியா? அப்ப மொதல்ல எறங்குங்க. ஆசிட் கொட்டிடும்."

இறக்கிவிட்ட இடத்திலிருந்து சுமந்து வருவார். முதுகெல்லாம் முள். பிடுங்கிவிட நான் ஒருத்தன்.

குச்சியைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து அதிலிருக்கும் பசையைப் பிரிக்க வேண்டுமாம். கொதிக்கவைத்தது எங்கள் சோற்றுப் பானையில். அலுமினியப் பானை. நாலாம் நாள் அரிசி போட்டேன். தண்ணீர் அடுப்பை அணைத்தது. பானைக்கு அடி இல்லை.

"காஸ்டிக் அலுமினியத்த தின்னுடும்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும்பா. பாடமே எடுத்திருக்கேன்."

"அப்பறம்?"

"பானை அலுமினியம்னு கவனிக்கல."

ஒரு வாரம் பன் தின்றோம்.

அந்தப் பசையை மாட்டுக்குப் போடும் ஊசியில் ஏற்றி, எடைக்குப் போன பழைய டிவியின் மின்சாரத்தை ஊசி முனையில் பாய்ச்சுவார். துளி காற்றிலேயே நூலாகி எதிரில் இருக்கும் சைக்கிள் ரிம்மில் போய் ஒட்டும். "தலைமுடிய எரநூறா கிழிச்சா அதுல ஒண்ணுப்பா இது" என்பார். "கிழிச்சு என்ன சார் பண்றது?" என்று கேட்டால், அதைக் கரியாக்கினால் கையகலத் துண்டுக்குள் ஒரு மைதானமே மடிந்து கிடக்கும், அதில்தான் மின்சாரம் உட்காரும் என்பார். எனக்கோ மத்திகிரியில் கால் நீட்ட இடமில்லை.

முதலாளிக்குத் தாய்மொழி கன்னடம், கோபம் மட்டும் தமிழ். "ஏனப்பா இது" என்று ரிம்மைப் பார்த்துக் கன்னடத்தில் சலித்தவர் கடைசியில் தமிழில் கெடு வைத்தார். "ஆயுத பூஜைக்குள்ள ஒரு பல்பாவது எரியணும். இல்லன்னா மூலைய காலி பண்ணுங்க சார்."

பூஜைக்கு இரண்டு நாள் முன்பு பட்டறையைச் சுத்தம் செய்தோம். எனக்குக் கிடைத்தது ஒட்டடைக் கோல். மூலைமுடுக்கெல்லாம் இழுத்தேன். சைக்கிள் ரிம்மிலும் சாம்பல் நிறத்தில் தொங்கியது. இழுத்தேன். ஆறு ரிம், ஆறு இழுப்பு. அவருடைய ஆறு வார உழைப்பு.

கரிச்சட்டி குப்பை மேட்டில் குந்தி நூலைப் பொறுக்கினார்.

"சார், அதுல சிலந்தி நூலும் சேந்திருக்கு."

"இருக்கட்டும்பா. கரியானா எல்லாம் ஒரே சாதிதான்."

பொறுக்கியதை இளஞ்சூட்டில் வாட்டி, ஒரு டப்பாவில் அடைத்து, கடைசியாக உலைக்குப் போன பெட்டியில் சக்கரங்களோடு வைத்தார். பூஜையன்று காலையில் திறந்தால் கருப்பாக ஒரு கந்தல். அதைத் துண்டு போட்டு, இடையில் உப்புத் தண்ணீரில் நனைத்த காகிதம் வைத்து, மூன்று அடுக்காக இறுக்கி, டார்ச் செல்லால் மின்சாரம் ஏற்றினார். சந்தனம், குங்குமம் வைத்த ஸ்பேனர்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார். எல்லாரும் கூடும் நேரத்தில் காட்டத்தான் அவருக்கு ஆசை.

முதலாளி கற்பூரத் தட்டைத் தூக்கினார். மணி அடித்தது. "இப்ப பாருங்க மொதலாளி" என்று செல்லைக் கழற்றிவிட்டு, சின்னச் சிவப்பு விளக்கின் கம்பியைத் தொடுத்தார். அதே நொடியில் பட்டறை மொத்தமும் கைகூப்பிக் கண்ணை மூடியது. ஆரத்தி நேரத்தில் எவன் கண்ணைத் திறந்து வைத்திருப்பான் என்று அவ்வளவு படித்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. அவரும் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்திருந்தது என் கண் மட்டும்.

எல்லாரும் கண் திறந்தபோது விளக்கு அணைந்திருந்தது. திரும்பவும் செல்லைத் தொடுப்பதற்குள் முதலாளி ஆயுதங்கள் மேல் மஞ்சள் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்துவிட்டார். அதோடு அது செத்தது.

"எரிஞ்சுதா?" என்றார் முதலாளி. கரிச்சட்டி என்னைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். "நீ பக்கத்துலதானே நின்ன. பாத்தியா?"

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். பூஜையில் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"கண்ண மூடியிருந்தேன் மொதலாளி."

மறுநாள் கரிச்சட்டி போய்விட்டார். தளி பக்கம் என்றார்கள். அறைக்கு வந்தால் என் பாயின் மேல் ஒரு புது எவர்சில்வர் பானை. காஸ்டிக் சோடாவை ஊற்றினாலும் தாங்குகிற பானை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். சோறு இன்னும் அதில்தான்.

எரிந்தது சார். ஒன்பது எண்ணும் வரைக்கும் எரிந்தது.