எட்டா, ஒன்பதா: குளியலறைக் கதவு பற்றி அக்காவுக்கு

ஹார்னோசாண்ட்,
ஜூன் 11

பெருமதிப்புக்குரிய குன்போரி அக்காவுக்கு, தம்பி சிக்ஸ்தன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி மாய்கனும் சுகம். உன் புது இடுப்பும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

ஈஸ்டர் அன்று தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாய். "ஏன்டா, உங்க வீட்டு பாத்ரூம் கதவுல நானும் என் வாக்கரும் சேர்ந்து போக முடியுமா, இல்ல ஒருத்தர் வெளியில காத்திருக்கணுமா?" முடியாவிட்டால் நடுக்கோடைப் பண்டிகைக்கு வரமாட்டேன் என்றும் சொன்னாய். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீ வந்ததே இல்லை. ஊறவைத்த ஹெர்ரிங் மீனில் உப்பு பற்றாது என்று குறை சொல்ல ஆளில்லாமல் மாய்கன் இரண்டு பண்டிகைகளைக் கழித்துவிட்டாள். மூன்றாவதும் அப்படிப் போக விடமாட்டேன் என்று அளவு நாடாவை எடுத்தேன்.

பழைய கதவின் அகலம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர், நீ சொன்ன வாக்கரின் அகலம் அறுபத்தேழு. அடுத்த வீட்டு ஏவர்ட் சுவரை இடித்துத் தர ஒப்புக்கொண்டார். கதவு வாங்குவது மட்டும் என் பொறுப்பு. எங்கள் படுக்கையறைக் கதவு தாராளமானது என்பதால் அதை மாதிரியாகக் காட்டி, அதே அளவுக்கு அவரை இடிக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கதவின் பலகையை அளந்தேன்: எண்பத்திரண்டு. கடையில் எட்டா ஒன்பதா என்று கேட்டார்கள். எண்பத்திரண்டு எண்பதுக்குப் பக்கம், தொண்ணூறுக்குத் தூரம். நாற்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவன் இதற்குப் போய் யோசிப்பானா? எட்டு என்றேன். நிலையோடு வந்து இறங்கிய கதவை ஏவர்ட் உடைத்த திறப்பில் நிறுத்தினால், ஒரு பக்கம் முழுதாகப் பத்து சென்டிமீட்டர் சந்து. ஏவர்ட் சந்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு, "நல்லதுதான் சிக்ஸ்தன், உள்ள உட்கார்ந்திருக்கறவங்களுக்கு இது வழியா காப்பி நீட்டலாம்" என்றார்.

கடைக்குத் திரும்பினேன். அங்கே இருந்தவள் யொன்னா, என்னிடம் படித்தவள். என் கணக்கை முழுவதும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியாரே, நம்ம நாட்டுல கதவுக்குப் பேரு கதவை வச்சு இல்ல, சுவத்துல இருக்கற ஓட்டையை வச்சு" என்றாள். ஒன்பது என்றால் தொண்ணூறு சென்டிமீட்டர் திறப்பு. நிலைக்கு இடம் விட்டுப் பலகை எண்பத்திரண்டுதான் வருமாம். எந்த எண்ணை முழுதாக்குகிறோம் என்று முதலில் பார்க்கச் சொல்லி தன் நோட்டில் அன்று சிவப்பு மையால் எழுதியது நான்தானே என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான் அக்கா. செருப்பை எடுத்துக்கொள்: தோலையா அளக்கிறோம், காலைத்தானே? எழுபத்தொரு வருடமாக இந்த நாட்டில் கதவு திறந்து மூடியும் எனக்கு இது தெரியவில்லை.

எட்டைக் கொடுத்து ஒன்பதை வாங்கி வந்தோம். இடைப்பட்ட ஆறு நாளும் திறப்பில் போர்வை தொங்கியது. உள்ளே போனவர் பாட வேண்டும் என்று மாய்கன் விதி வைத்தாள். என் பாட்டைக் கேட்ட ஏவர்ட் வேலையைச் சீக்கிரம் முடித்தார். இன்று மதியம் கதவை நிறுத்தியாகிவிட்டது. தாழ்ப்பாள் கச்சிதமாக விழுகிறது. இனி சாக்குச் சொல்ல உனக்கு எதுவும் இல்லை, ரயிலேறி வா. மாய்கன் அன்பைச் சொல்லச் சொன்னாள். பண்டிகையன்று வழக்கம்போல் ஊருக்கெல்லாம் மழை பெய்யட்டும், உன் தலைக்கு மேல் மட்டும் வெயில் அடிக்கட்டும்.

உன் தம்பி,
சிக்ஸ்தன்

பி.கு.: டிக்கெட் இப்போது எடுக்காதே. உறையை ஒட்டும் முன், சமையலறை நாற்காலியை உன் வாக்கராகப் பாவித்து உள்ளே தள்ளிப் பார்த்தேன். நாற்காலி கம்பீரமாகப் போனது, நானும் பின்னாலேயே போனேன், ஆனால் எனக்குப் பின்னால் இடம் போதாமல் கதவைச் சாத்த முடியவில்லை. வெளிப்பக்கம் திறக்க வேண்டிய கதவை நாங்கள் உள்பக்கம் திறக்கும்படி மாட்டியிருக்கிறோம். "வாக்கரோட அகலத்தைக் கேட்டீங்களே, நீளத்தைக் கேட்டீங்களா?" என்கிறாள் மாய்கன். கேட்கவில்லை. நிலையைக் கழற்றித் திருப்பச் சொல்லி ஏவர்ட்டின் வீட்டுக் கதவைத் தட்டும் முன் எனக்கு ஒரே ஒரு எண் வேண்டும். நாளைக் காலை வாக்கரைப் பிடித்து நிமிர்ந்து நின்றுகொள். முன்சக்கரத்திலிருந்து உன் குதிகால் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று வேறு யாரையாவது அளக்கச் சொல், நீ குனியாதே.