ஆளில்லாத சாரன் நடந்த படம்

அன்று அந்த நெல் ஸ்டோருக்குள் இருந்தவர்கள் ஒன்பது பேர். ஆண்கள் பக்கம் நால்வர்: நான், என் மாமா, தியேட்டர் மனேஜர், ஸ்டோரின் சொந்தக்காரரான ஆலை முதலாளி. பெண்கள் பக்கம் ஐவர்: என் உம்மா, மாமி, மாமாவின் மகள் ஜெஸீமா, என் தங்கை, மாமா கடையின் வாடிக்கைக்காரியான பரமேஸ்வரி டீச்சர். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் துணி. இப்படி ஆள் விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. தானும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு இன்றைக்கும் எங்கள் ஊரான கல்முனைக்குடியில் பலர் இந்தக் கதையைச் சொல்லித் திரிகிறார்கள். (போன வருடம் ஒருவர் என்னிடமே சொன்னார். அந்த நாளில் அவர் பிறந்திருக்கவே இல்லை.)

நான் ஒரு கார்ட்டூன் பட இயக்குநர். கதை, சித்திரம், ஒளிப்பதிவு, இயக்கம் எல்லாம் நானே. என் கலை வாழ்க்கையின் மொத்த நீளம் ஐம்பத்தெட்டு செக்கன்.

எழுபதுகளின் கடைசி அது. டீவி எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். தியேட்டரில் இடைவேளைக்குப் போடும் விளம்பரக் கண்ணாடி ஸ்லைட்களுக்குப் பெயின்ட் அடிப்பது என் தொழில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கணக்குப் பாடம் உள்ள நாளில் எனக்கு வயிற்றுவலி வரும். பிறகு எல்லா நாளும் கணக்குப் பாடம் வைத்தார்கள், அத்தோடு நின்றுவிட்டேன். கவலைப்படுவதில் மட்டும் யாரும் என்னை முந்த முடியாது. ஒரு ஸ்லைட்டைக் கொடுத்துவிட்டு வரும்போது பாதி வழியில் சைக்கிளைத் திருப்புவேன், தொலைபேசி இலக்கம் சரியா என்று பார்க்க. அந்தக் கடைக்குத் தொலைபேசியே இல்லை என்பது அங்கே போன பிறகுதான் நினைவு வரும்.

மாமா, உம்மாவின் தம்பி. மெயின் வீதியில் புடவைக் கடை வைத்திருந்தார். அவருடைய மகள் ஜெஸீமாவை எனக்குக் கேட்டு உம்மா போனபோது அவர் சொன்ன பதில் இது:

“ராத்தா, நான் தர மாட்டன் எண்டு செல்லல்ல. மருமகன் என்ன தொழில் எண்டு நாலு பேர் கேட்டா நான் என்னத்தச் செல்ற? கண்ணாடி துடைக்கிறான் எண்டா?”

உம்மா என்னிடம் வந்து அதை அப்படியே சொன்னார். கூடவே, “கண்ணாடி துடைக்கிறவன்ட தாய்க்கு அவன் தேத்தண்ணி கூடத் தரல்ல,” என்றும் சொன்னார்.

அந்த மாதம்தான் தங்கையின் மாப்பிள்ளை குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தார். கையில் ஒரு எட்டு மில்லிமீட்டர் சினிமாக் கமரா, ஒரு புரொஜெக்டர். ஒரு தடவை அமுக்கினால் ஒரே ஒரு படம் மட்டும் எடுக்கிற வசதி அந்தக் கமராவில் இருந்தது. ஒவ்வொன்றாக வரைந்து, ஒவ்வொன்றாக எடுத்தால், வரைந்த உருவம் நடக்கும் என்றார் மச்சான். எனக்குத் தலை சுற்றியது. அசையாத ஸ்லைட்டுக்குக் காசு தருகிறவர்கள், அசையும் விளம்பரத்துக்கு என்ன தர மாட்டார்கள்?

மாமாவிடம் ஓடினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“என்ட கடைக்கே ஒரு படம் எடு. தியேட்டர் மனேஜரக் கூட்டி வாறன். அவர் பாத்து, ‘ஓம், இத ஓட்டலாம்’ எண்டு செல்லட்டும். பிறகு மத்த விசயத்தக் கதைப்பம்.”

மத்த விசயம் என்றால் ஜெஸீமா. ஆக, என் கல்யாணம் ஒரு கார்ட்டூனில் வந்து நின்றது.

முதல் பிரச்சினை கதாநாயகன். உயிருள்ளவற்றுக்கு முகம் வரைய எனக்குப் பயம். மௌலவியிடம் கேட்கலாம்தான், கூடாது என்று சொல்லிவிட்டால்? அதனால் யாரிடமும் கேட்காமல் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். முதலில் முகத்தை எடுத்தேன். பிறகு தலையை எடுத்தேன். கை கால் இருந்தால் மட்டும் என்ன நியாயம் என்று அவற்றையும் எடுத்தேன். மிஞ்சியது இடுப்பில் கட்டுகிற ஒரு சாரன். மாமா கடையிலிருந்து புதுச் சாரன் ஒன்று தனியாக இறங்கி வீதியில் நடக்கும். எதிரே ஒரு கிழிந்த சாரன் வரும். புதியதைப் பார்த்து வெட்கப்பட்டுக் கடைக்குள் ஓடும். அதுவும் புதிதாகி வெளியே வரும். கடைசியில் இரண்டும் குனிந்து ஸலாம் சொல்லும். இதுதான் கதை. (பிற்பாடு மௌலவி கேள்விப்பட்டு, “என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மகன்,” என்றார். என்ன பதில் சொல்லியிருப்பீர்கள் என்று கேட்க அப்போதும் எனக்குத் தைரியம் வரவில்லை.)

இரண்டாவது பிரச்சினை கணக்கு. பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஓடிவந்த அதே கணக்கு. ஒரு செக்கனுக்குப் பதினெட்டுப் படம். ஒரு சித்திரத்தை இரண்டு தடவை எடுக்கலாம் என்றாலும் செக்கனுக்கு ஒன்பது வேண்டும். முந்நூற்று அறுபது சாரன் வரைந்ததும் என் விரல்கள் மடங்க மறுத்தன. அதனால் கடைப் பெயர் வரும் இடம், இரண்டு சாரன்களும் சந்திக்கும் இடம், ஸலாம் சொல்லும் இடம் ஆகிய மூன்றிலும் படத்தை ஆறாறு செக்கன் அசையாமல் நிறுத்தினேன். கலைக்காக என்று மச்சானிடம் சொன்னேன்.

மூன்றாவது, தாள். அதையும் மாமாவே தீர்த்து வைத்தார்.

“எதுக்குக் காசு குடுத்து வாங்குற? பழைய பில் புத்தகம் கட்டுக் கட்டாக் கிடக்கு. பின் பக்கம் வெள்ளதானே?”

கார்பன் வைத்து எழுதிய மெல்லிய தாள்கள். எனக்கும் அது வசதியாகவே பட்டது. ஜன்னல் கண்ணாடி ஒன்றைப் படுக்கவைத்து, கீழே ஒரு பல்பை எரியவிட்டு, தாளின் மேல் தாள் வைத்து வரைந்தேன். அதே வெளிச்சத்திலேயே கமராவிலும் எடுத்தேன். அடிப்பக்கத்துப் பில் எழுத்து மங்கலாகத் தெரிந்ததுதான். ஆனால் இடம் வலம் மாறி, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. இதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். என் வாழ்நாளில் நான் கவலைப்படாமல் விட்ட ஒரே விசயம் அதுதான்.

பிலிமை வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பிக் கழுவி எடுக்க இரண்டு மாதம் போனது. அதற்குள் மச்சான் குவைத்துக்குத் திரும்பிவிட்டார். போகும்போது, “புரொஜெக்டர் பல்ப் கவனம். எரிஞ்சா நம்மட நாட்டுல வாங்கேலாது,” என்று சொல்லியிருந்தார். அது எனக்குப் போதாதா? படத்தை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. பல்பைக் காப்பாற்றினேன்.

காட்டுகிற நாளும் வந்தது. இருட்டு வேண்டும் என்பதற்காக ஆலை முதலாளியின் ஸ்டோரைக் கேட்டோம். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து கதவுகளை அடைத்து, ஓட்டைகளில் சாக்கைச் செருகினோம். உள்ளே இருந்த சூட்டில் நெல்லை அங்கேயே அவித்துவிடலாம். பெண்களை எங்கே இருத்துவது என்று நான் முழித்தபோது, மாமா வெள்ளைத் துணியை ஸ்டோருக்குக் குறுக்கே கட்டினார்.

“இஞ்சால நாம, அங்கால பொண்டுகள். திரையும் ஆச்சு, மறைப்பும் ஆச்சு.”

“மாமா, அந்தப் பக்கத்தால பாத்தா எழுத்து மாறித் தெரியுமே? கடைப் பேர வாசிக்கேலாதே?”

“கடைப் பேர அவளுகளுக்கு எழுதிக் காட்டணுமா? ஒவ்வொரு பெருநாளைக்கும் அங்கதானே கிடக்காளுகள். நீ போடு.”

போட்டேன். சாரன் நடந்தது! ஆளில்லாமல், சற்று நொண்டிக்கொண்டு, ஆனால் நடந்தது. ஆலை முதலாளி, “யா அல்லாஹ், உள்ள ஆரும் இல்லியே!” என்று கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். மனேஜர் முன்னுக்குச் சாய்ந்தார். மாமாவின் வாயோரம் ஒரு சிரிப்பு. நான் மனதுக்குள் கல்யாணப் பந்தலுக்குக் கம்பு நட்டேன்.

இரண்டு சாரன்களும் சந்தித்து நின்றன. முதலாவது ஆறு செக்கன் ஏற்கனவே கடைப் பெயரில் போயிருந்தது, இது இரண்டாவது. அப்போது துணிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெஸீமாவின் குரல் கேட்டது. உயர்தர வகுப்பில் படிக்கிற பிள்ளை, செய்தி வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்:

“ஊதா வொயில் சாரி ஒண்டு. நூற்றி இருபது ரூவா. மாமிட பேர்.” (அவளுக்கு மாமி என் உம்மா.)

“ஓம் புள்ள,” என்றார் உம்மா பெருமையாக. “பெருநாளைக்கு எடுத்த. அத ஏன் படத்துல போட்டிரிக்கான்?”

பெண்கள் சிரித்தார்கள். எங்கள் பக்கம் ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தது சாரனும் எறும்பு எழுத்தும்தான். நமக்கு மாறித் தெரியும் எழுத்து அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நேராகத் தெரியும் என்பது எனக்கு உறைக்க ஆரம்பித்தது.

மனேஜர் மாமாவின் தொடையில் தட்டினார். “பொண்டுகள் சிரிக்காங்க. படம் ஓடும்!”

மாமா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முதல் தடவையாக.

சாரன்கள் குனிந்து ஸலாம் சொல்லி நின்றன. மூன்றாவது ஆறு செக்கன்.

“ஊதா வொயில் சாரி ஒண்டு,” என்றது அதே குரல். “எண்பத்தஞ்சு ரூவா. பரமேஸ்வரி டீச்சர்.”

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

“அது நான் எடுத்ததுதான்,” என்றார் டீச்சர், குரலைத் தாழ்த்தி. “அரை மணித்தியாலம் நிண்டு விலை பேசி எடுத்த. நீங்களும் அதே சாரிதானே கட்டியிருக்கிறீங்க?”

பல்ப் இப்போது எரிந்து போகட்டும் என்று துஆக் கேட்டேன். இரண்டு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்த பல்ப், அன்றைக்கென்று சூரியன் மாதிரி எரிந்தது. படம் முடியக்கூட இல்லை. துணியைத் தூக்கிக்கொண்டு உம்மா இந்தப் பக்கம் வந்து நின்றார். கடைசிச் சாரன் அவருடைய முக்காட்டில் ஏறி, நெற்றியில் ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தது.

“தம்பி. டீச்சருக்கு எண்பத்தஞ்சு. எனக்கு நூற்றி இருபதா?”

மாமா எழும்பினார். “ராத்தா, டீச்சர் விலை பேசினா. நீங்க பேசல்லியே?”

“கூடப் பொறந்தவனோட விலை பேசுறதா? வெக்கங்கெட்டவனே, நீ செல்றதுதான் விலை எண்டு குடுத்திட்டு வந்தன்டா!”

துணிக்குப் பின்னாலிருந்து மாமி கேட்டார்: “எனக்கு எடுத்துத் தந்ததயெல்லாம் எத்தினக்குப் போட்டிரிக்கீங்க?”

மாமா என் பக்கம் திரும்பினார். “எல்லாம் இவன் செஞ்ச வேல. இந்தக் கண்ணாடி துடைக்கிறவனுக்கு என்ட மகள் இல்ல. முடிஞ்சிது!”

மனேஜர் இடையில் புகுந்து, “முதலாளி, தியேட்டர்ல திரைக்குப் பின்னால ஒருத்தரும் இரிக்கிறல்ல. படத்த ஓட்டலாம்,” என்று சொல்லிப் பார்த்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

உம்மா கையை நீட்டினார். “சரி. ஒண்டு, கூட எடுத்த முப்பத்தஞ்சு ரூவாயத் தா. இல்லாட்டி புள்ளயத் தா. ரெண்டுல ஒண்டு இல்லாம நான் இஞ்சயிருந்து போக மாட்டன்.”

கல்லாவுக்குள் போன காசு திரும்பி வந்த வரலாறு மாமாவுக்குக் கிடையாது. ஆனால் அன்று கோபம் பெரிதாக இருந்தது. சேர்ட் பொக்கட்டுக்குள் கையை விட்டார். மூன்று பத்து, ஒரு ஐந்து. எண்ணி எடுத்து நீட்டினார். உம்மாவின் கை காசைத் தொடப் போனது. நான் அந்தக் காசையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புரொஜெக்டர் சூடாகிவிட்டதே, நிறுத்தவா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது துணிக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை செய்தி வாசிக்கிற குரல் இல்லை.

“மாமி, காச வாங்கிராதீங்க.”

உம்மா கையை மெதுவாகப் பின்னுக்கு எடுத்து முக்காட்டைச் சரி செய்தார். மாமா நீட்டிய காசைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், காசைத் திரும்பப் பொக்கட்டுக்குள் வைத்தார். “உம்மாவோட ஊட்ட வா, கதைப்பம்,” என்று என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

படத்தை மாமா கையோடு வாங்கிக்கொண்டு போய் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட்டார். மீதி முந்நூற்றுச் சொச்சம் பில்லில் யார் யாருடைய விலை இருக்கிறதோ என்ற பயம். அத்தோடு நான் இயக்குநர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று, மாமாவின் கடையிலேயே ஸ்லைட்டுக்குப் பதிலாக விலைச் சீட்டு எழுத ஆரம்பித்தேன். ஒரு சாரிக்கு ஒரே விலை. அது மாமி போட்ட சட்டம்.

வாசிக்காமல் இருந்திருக்கலாமே என்று ஜெஸீமாவிடம் பிறகு ஒரு நாள் கேட்டேன். “கண்ணுக்கு முன்னால எழுதிக் கிடந்தா வாசிக்காம என்ன செய்ற?” என்றாள். எனக்கும் அவளுக்கும் சண்டை வரும் நாட்களில், “அண்டைக்குக் காச வாங்கச் செல்லியிருக்கணும்,” என்று எங்கள் பிள்ளைகளுக்குக் கேட்கும்படி சொல்வாள்.

உம்மா மட்டும் அந்தக் கணக்கு தீர்ந்ததாக ஒத்துக்கொள்வதில்லை. புள்ளயைத் தந்தது சம்பந்தம், காசு வேறு கணக்கு என்பது அவர் கட்சி. மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து காசு கேட்டுக் குரல் கொடுப்பார். மாமாவும் ஒவ்வொரு தடவையும் பொக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, சில்லறை இல்லை என்பார். இன்றைய திகதிவரை பாக்கி, முப்பத்தைந்து ரூபாய்.