வெண்டலுக்கு இருப்பது இரண்டே கைகள்

டெக்ஸாஸில் எங்கள் ஊர் நாய்ப் பூங்காவுக்கு வருகிறவர்களில் பல ரகம் உண்டு. நாயை அவிழ்த்துவிட்டுக் கைபேசியில் மூழ்கிவிடுகிறவர், நாயோடு தானும் ஓடி நாக்கைத் தொங்கப்போடுகிறவர், அடுத்தவர் நாய்க்குத் தீனி கொடுத்து அதன் வயிற்றைக் கெடுக்கிறவர். இவர்களை எல்லாம் விடுங்கள். நான் உங்களுக்குக் காட்ட நினைப்பது, அதோ பெஞ்சுக்குப் பக்கத்தில் காலை அகட்டிக்கொண்டு, வேலிக்கு வெளியே ஏதோ படை வரப்போவதுபோல் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, அவரை. இந்த இனத்துக்கு முன்னேற்பாட்டுக்காரர் என்று பெயர்.

முகத்தைப் பார்த்து இவரைக் கண்டுபிடிக்க முடியாது. இடுப்பைப் பார்க்க வேண்டும். எங்கள் பூங்காவின் முன்னேற்பாட்டுக்காரர் வெண்டல் டட்டில், தொழில் தரைவிரிப்பு விற்பது. வலது இடுப்பில் உறையோடு கைத்துப்பாக்கி, அதற்குப் பின்னால் பெப்பர் ஸ்ப்ரே, அதற்கும் பின்னால் டார்ச், மடக்குக் கத்தி, விசில், முதலுதவிப் பை, நாய்க்குத் தண்ணீர் பாட்டில், நாய் கழிப்பதை அள்ளும் பைகள் ஒரு சுருள். இத்தனைக்கும் அடியில் ஒரு பெல்ட் இருப்பதாக நாங்கள் நம்பினோம். இவ்வளவும் யாரைக் காப்பாற்ற? கிரேவியை. கிரேவி என்பது அவருடைய கிழட்டு பீகிள். வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்தால் எழுந்து இடம் கொடுக்கிற நாய்.

"நாய்ப் பூங்காவுக்குத் துப்பாக்கி எதுக்கு வெண்டல்?" என்று பல் டாக்டர் மாரிசோல் ஒருநாள் கேட்டாள்.

"இது எனக்குத் தேவையே படக்கூடாதுன்னுதான் வச்சிருக்கேன்."

"வீட்ல வச்சுட்டு வந்தாலும் தேவைப்படாதே?"

அவளுடைய அறியாமையை வெண்டல் மன்னித்தார். அதோடு நிற்கவில்லை; பாடம் எடுத்தார். முன்னேற்பாட்டுக்காரருக்குக் கேள்வி வேண்டும், அவ்வளவுதான். மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

"துப்பாக்கி வச்சிருக்கிறவனுக்குப் பொறுப்பு வேணும், டாக்டர். தள்ளுமுள்ளு வந்தா ஒரு கை துப்பாக்கி உறை மேலயே இருக்கணும், எவனும் உருவிடக் கூடாது. நாய்ச் சண்டைக்கு அதைத் தொடவே கூடாது. அதுக்கு வேற வழி இருக்கு. ரெண்டு நாய்க்காரங்களும் ஒரே நேரத்துல அவங்கவங்க நாயோட பின்னங்காலைத் தூக்கி, தள்ளுவண்டி மாதிரி பின்னால இழுக்கணும். கழுத்துகிட்ட கையை விட்டா விரல் போயிடும்."

தூங்கிக்கொண்டிருந்த கிரேவியின் பின்னங்கால்களைத் தூக்கிச் செய்தும் காட்டினார். கிரேவி விழிக்கவில்லை. எங்களில் இதை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாதவர் யாருமில்லை. உள்ளதைச் சொன்னால், பாடம் சரியான பாடம்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை, யாரோ விட்டுப்போன ஒரு டென்னிஸ் பந்தைக் கிரேவி கண்டெடுத்தது. மாரிசோலின் நாய் நாச்சோவும் அதையே கண்டெடுத்தது. நாச்சோ கன்றுக்குட்டி உயரம். வண்ணத்துப்பூச்சிக்கு இடம் கொடுக்கிற கிரேவி, பந்துக்கு இடம் கொடுக்கவில்லை. நேராகப் போய் நாச்சோவின் தாடையைக் கவ்வியது. நாச்சோ கிரேவியின் காதைக் கவ்வியது. புல்லும் உமிழ்நீரும் பறந்தன.

பூங்கா முழுவதும் ஓடிவந்தது. வெண்டலும் ஓடிவந்தார். ஆனால் ஓட ஓட அந்தச் சுமையெல்லாம் குலுங்கி, கால்சட்டை இறங்கத் தொடங்கியது. வலது கை துப்பாக்கி உறை மேல், பொறுப்பு அல்லவா? இடது கை கால்சட்டையில், மானம் அல்லவா?

மாரிசோல் பாடத்தை மறக்கவில்லை. நாச்சோவின் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க நாயைப் பிடிங்க வெண்டல். நான் மட்டும் இழுத்தா காது பிஞ்சு வந்துடும்."

"யாராச்சும் கிரேவி காலைப் பிடிங்க," என்றார் வெண்டல். "கழுத்துகிட்ட போகாதீங்க. ஒரே நேரத்துல இழுக்கணும். ஒண்ணு, ரெண்டு..."

"நீங்க பிடிங்கய்யா. கடிபடறது உங்க நாய்."

"எனக்குக் கை காலியில்ல, டாக்டர்."

நான் போயிருக்கலாமே என்று கேட்கிறீர்களா? வெண்டல் கையை உறையில் வைத்தவுடனேயே நானும் இன்னும் சிலரும் பெஞ்சுக்குப் பின்னால் படுத்துவிட்டோம். இடுப்பில் துப்பாக்கி இருக்கிற மனிதர் பதறினால், நாயைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா?

அப்போது கிரேவி ஊளையிட்டது. குழந்தை அழுவதுபோல் ஒரு சத்தம். வெண்டலின் முகம் சுருங்கிப்போனது. அவர் கால்சட்டையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். இரண்டு கையையும் விட்டார்.

கால்சட்டை துப்பாக்கி, டார்ச், விசில் சகிதம் தடாலென்று கணுக்காலுக்கு வந்து சேர்ந்தது. வாத்துப் படம் போட்ட உள்ளாடையோடு வெண்டல் குனிந்து, கிரேவியின் பின்னங்கால்களைத் தூக்கி, விலங்கு மாட்டிய கைதிபோல் அடிமேல் அடி வைத்துப் பின்னால் போனார். மாரிசோல் எதிர்ப்பக்கம் போனாள். நாச்சோ வாயைத் திறந்தது. காது தப்பியது, ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் போயிற்று. பந்தை யாரோ ஒருவருடைய பூடில் நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"யாரும் கிட்ட வராதீங்க, துப்பாக்கி கீழ கிடக்கு," என்றார் வெண்டல், கிரேவியை மார்போடு அணைத்தபடி. அவர் கண் கலங்கியிருந்தது. நாங்கள் கிட்டப் போகவில்லை. போகிற நிலையில் யாரும் இல்லை. பெஞ்சுக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் மாரிசோல் அவருக்கு ஒரு பரிசு கொடுத்தாள்: கால்சட்டையைத் தோளோடு இழுத்துப் பிடிக்கிற வார். இனி அவர் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வருவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? வார் வந்ததும் இடுப்பில் இன்னும் இடமிருப்பதாக வெண்டலுக்குப் பட்டது. இப்போது ஒரு சின்னத் தீயணைப்பானும் தொங்குகிறது.

உங்களிடம் துப்பாக்கி இல்லை, நாயும் இல்லை, தெரியும். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'நானாக இருந்தால் முதலில் இப்படிச் செய்திருப்பேன்' என்று மனசுக்குள் ஒரு யோசனை ஓடியதா, இல்லையா? ஓடியிருந்தால் தயங்காமல் வாருங்கள். எங்கள் பூங்காவில் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடம் இருக்கிறது.